பி.காம். படிக்கும்போதே கணக்கு வேலைக்குத் தயாராவது

பி.காம். முடித்து வருகிறவர்களைப் பற்றி ஆடிட்டர் அலுவலகங்களும் கம்பெனிகளும் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கணக்குப் போடத் தெரிகிறது, பில்லைப் பார்த்து எண்ட்ரி போடத் தெரியவில்லை. தேர்வுத்தாளில் "கடனுக்குச் சரக்கு வாங்கியது ரூ. 50,000" என்று கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடும். அலுவலகத்தில் மேசைக்கு வருவது ஒரு கசங்கிய பில். அது சரக்கா, செலவா, சொத்தா, வரியைத் திரும்ப எடுக்கலாமா, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா என்பதை எல்லாம் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும். கல்லூரிப் பாடம் இதைச் சொல்லித்தராது என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. பாடத்தை வைத்துக்கொண்டே இதைப் பழக வழி இருக்கிறது.

சேர்வதற்கு முன்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.காம். என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். பி.காம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சார்ட்டர்ட் அக்கவுண்டன்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆண்டுதோறும் சில குடும்பங்கள் "பையன் சி.ஏ. சேர்ந்துவிட்டான்" என்று நம்பி இதில் சேர்க்கிறார்கள். அந்தப் படிப்பு மோசமில்லை, ஆனால் நிரலாக்கம், டேட்டாபேஸ் பாடங்களுக்குப் போகும் நேரம் கணக்கியலில் குறையும். பி.ஏ. என்று இருந்தால் புரொஃபெஷனல் அக்கவுண்டிங், சி.எஸ். என்றால் கார்ப்பரேட் செக்ரெட்டரிஷிப், கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்ல. கணக்கு வேலைதான் குறி என்றால் ஜெனரல், அக்கவுண்டிங் அண்டு ஃபைனான்ஸ், புரொஃபெஷனல் அக்கவுண்டிங் ஆகிய மூன்றில் எதுவும் போதும்.

சேரும் முன் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் வாங்கிப் பாருங்கள். கார்ப்பரேட் அக்கவுண்டிங் இரண்டு தாள், காஸ்ட் அக்கவுண்டிங், வருமான வரி இரண்டு தாள், ஜிஎஸ்டி, ஆடிட்டிங் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். கல்லூரி ஷிப்ட் முறையில் நடந்தால் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்பதும் முக்கியம். மீதி அரை நாள்தான் சி.ஏ. வகுப்புக்கோ ஆடிட்டர் அலுவலகப் பகுதிநேர வேலைக்கோ கிடைக்கும்.

முதல் ஆண்டு: கையால் எழுதுங்கள்

கணக்கியலைத் தேர்வுக்கு முந்திய வாரம் கைடு வைத்து முடிக்க முடியாது. தீர்வு போட்ட கணக்கைக் கண்ணால் படித்தால் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும்; வெற்றுத்தாளில் அதையே போட உட்கார்ந்தால் மூன்றாவது சரிக்கட்டு (அட்ஜஸ்ட்மெண்ட்) எண்ட்ரியில் நின்றுவிடும். ஆகவே விடையை மூடிவைத்துப் போடுங்கள். இறுதிக் கணக்கு ஒன்றுக்கு முதலில் 45 நிமிடம் ஆகும். அதை 25 நிமிடத்துக்குக் கொண்டுவரும் வரை அதே வகைக் கணக்கை விடாதீர்கள். ஐந்து அதிகாரத்தில் ஒவ்வொரு கணக்குப் போடுவதைவிட, ஒரு அதிகாரத்தில் எட்டுக் கணக்குப் போடுவது மேல்.

ஒவ்வொரு சரிக்கட்டுக்கும் இரண்டு இடத்தில் விளைவு உண்டு. கொடுபட வேண்டிய சம்பளம் லாப நட்டக் கணக்கில் கூடும், பாலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கம் தோன்றும். கணக்கைத் தொடங்கும் முன்பே கேள்வித்தாளில் ஒவ்வொரு சரிக்கட்டின் பக்கத்திலும் இரண்டு சிறு கோடுகள் போட்டு, ஒவ்வொரு விளைவையும் எழுதியதும் ஒரு கோட்டை அடியுங்கள். பாலன்ஸ் ஷீட் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் ஒரு கோடு அடிக்கப்படாமல் நின்றதுதான். ஒர்க்கிங் நோட்ஸைத் தனியாக, எண் போட்டு எழுதுங்கள். கடைசி விடை தவறினாலும் மதிப்பெண் அங்கிருந்துதான் வரும்.

வித்தியாசம் வந்தால் உடனே முதலிலிருந்து கூட்டாதீர்கள். வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 54,000-ஐ 45,000 என்று எழுதினால் வித்தியாசம் 9,000. அடுத்து இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்தத் தொகையே விடுபட்டிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் தடுமாற்றம் இருக்கும். பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், வாராக்கடன் என்று தெரிந்ததெல்லாம் ஆங்கிலப் பெயரில் வரும். ஒரு நோட்டில் 150 சொற்களை இணை இணையாக எழுதிவிட்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். கணக்கு மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ஆங்கிலத்துக்காக இந்தத் துறையை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் மின்னஞ்சல் எழுதவும் சட்டப் பிரிவைப் படித்துப் புரிந்துகொள்ளவும் மூன்று ஆண்டுக்குள் பழகியே ஆக வேண்டும்.

ஒரு காலாண்டு, ஒரு நிறுவனம், முழுக் கணக்கு

இரண்டாம் ஆண்டில் செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை இது. டேலி என்ற கணக்கு மென்பொருளின் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதைவிட இது உதவும்.

ஈரோட்டில் இரண்டு கூட்டாளிகள் நடத்தும் பெயிண்ட்-ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதம் போதும். முதலீடு 5 லட்சம் பேங்கில், கடை அட்வான்ஸ் 1 லட்சம், மாத வாடகை 20,000, ரேக்குகள் 60,000. மாதம் பத்துக் கொள்முதல் பில், இருபது விற்பனை பில். கொள்முதலில் மூன்று பெங்களூரிலிருந்து வரட்டும். இடையில் ஒரு செக் திரும்பட்டும், சரக்கு ஒருமுறை திருப்பி அனுப்பப்படட்டும், கூட்டாளி ஒருவர் வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் எடுக்கட்டும். லாரி வாடகை, மின் கட்டணம், சம்பளம், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் இருக்கட்டும். பில்களைத் தாளில் எழுதி, வரிசை எண் போட்டு ஃபைல் செய்யுங்கள். தெரிந்த கடைக்காரர் பழைய பில்களைக் காட்டச் சம்மதித்தால் இன்னும் நல்லது. பில்லில் உள்ளவர்களின் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதை டேலி பிரைமில் ஏற்றுங்கள். லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷன் மோடில் திறக்கலாம், ஆனால் 1, 2, 31 போன்ற சில தேதிகளில் மட்டுமே எண்ட்ரி ஏறும். உண்மையான தேதியை விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ்: இவை ஒரு வாரத்தில் விரலுக்கு வந்துவிடும். பேங்கில் பணம் கட்டுவதையும் எடுப்பதையும் கான்ட்ராவில் போடாமல் ரெசிப்ட், பேமெண்டில் போடுவது தொடக்கநிலைக்காரர்கள் எல்லோரும் செய்வது.

பெரிய தவறுகள் எண்ட்ரியில் இல்லை, லெட்ஜரை (பேரேட்டுக் கணக்கை) எந்தக் குரூப்பில் திறக்கிறோம் என்பதில் இருக்கின்றன. கொள்முதல் லாரி வாடகை டைரக்ட் எக்ஸ்பென்சஸில் இருக்க வேண்டும். இன்டைரக்டில் போனால் நிகர லாபம் மாறாது, மொத்த லாபம் பொய்யாகும். கடை அட்வான்ஸ் செலவு அல்ல, டெபாசிட். ரேக்குக்குக் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக (விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்தால் அந்த வரியைச் சொத்து மதிப்பில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வரிக்கும் சேர்த்துத் தேய்மானம் போட்டதாகும். இரண்டு பக்கமும் லாபம் எடுக்கச் சட்டம் விடாது. கூட்டாளிகளின் சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கினால் நிலைமை தலைகீழ்: அந்த வரி கிரெடிட்டாகக் கிடைக்காது, ஆகவே விலையோடு சேர்க்க வேண்டும்.

டேலியில் ட்ரையல் பாலன்ஸ் (இருப்பாய்வு) எப்போதும் பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் எண்ட்ரி போட மென்பொருள் விடாது என்பதால் அது பொருந்துவது எதையும் நிரூபிக்காது. அதனால்தான் லெட்ஜரை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கும் பழக்கம் வேண்டும். வாடகை லெட்ஜரில் மூன்று மாதத்துக்கு மூன்று வரி இருக்கிறதா? கேஷ் எந்த நாளிலாவது மைனஸில் போயிருக்கிறதா? இல்லாத பணத்தைச் செலவழிக்க முடியாது. மைனஸ் கேஷ் என்றால் ஒரு வரவு பதியப்படவில்லை அல்லது தேதி தவறு. சப்ளையர் கணக்கில் டெபிட் பாக்கி இருந்தால் அட்வான்ஸ் கொடுத்தோமா, பில் ஏற்றாமல் விட்டோமா என்று பாருங்கள்.

ஆடிட்டர் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 60,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 10,800, மொத்தம் 70,800. டிடிஎஸ் 10 சதவீதத்தை 70,800-இல் பிடிப்பது வழக்கமான தவறு. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் 60,000-இல் மட்டுமே பிடிக்க வேண்டும், அதாவது 6,000. எண்ட்ரியில் ஆடிட் கட்டணம் 60,000, சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 5,400, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 5,400 டெபிட். டிடிஎஸ் 6,000, ஆடிட்டர் 64,800 கிரெடிட். 64,800-ஐச் செலுத்தும்போது செலவுக் கணக்கைத் தொடாதீர்கள், ஆடிட்டர் கணக்கை டெபிட் செய்யுங்கள். இரண்டு முறையும் செலவில் போட்டுவிட்டு மார்ச்சில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அலுவலகங்கள் உண்டு.

பெங்களூர் கொள்முதல் வேறு மாநிலத்திலிருந்து வருவதால் அதற்கு ஐஜிஎஸ்டி. அந்தக் கிரெடிட்டை முதலில் ஐஜிஎஸ்டி கடனுக்குக் கழித்து, மீதியைச் சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் பயன்படுத்தலாம். சிஜிஎஸ்டி கிரெடிட்டை வைத்து எஸ்ஜிஎஸ்டியைக் கட்ட முடியாது. லாரி வாடகையில் டிரான்ஸ்போர்ட்காரர் வரி போடவில்லை என்றால் ரிவர்ஸ் சார்ஜில் கடைதான் 5 சதவீதம் கட்ட வேண்டும், அதையும் பணமாக. கிரெடிட்டில் கழிக்க முடியாது. கட்டிய பிறகு கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கும் இதே முறைதான், விகிதம் 18.

மாதக் கடைசியில் பேங்க் ரெக்கன்சிலியேஷன், அதாவது நம் புத்தக இருப்பை பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடுவது. நம் புத்தகத்தில் 1,84,500. கொடுத்தும் பேங்குக்கு வராத செக் 22,000. போட்டும் பாஸாகாத செக் 15,000. நாம் எழுதாத பேங்க் கட்டணம் ஜிஎஸ்டியோடு 590. பேங்க் ஸ்டேட்மெண்டில் 1,90,910 இருக்க வேண்டும். இருபது ரூபாய் வித்தியாசம் என்றாலும் சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகைக்கான தற்காலிகக் கணக்கில்) தள்ளாதீர்கள். அந்த இருபது ரூபாய், நேரெதிராகப் போன இரண்டு பெரிய தவறுகளின் மிச்சமாக இருக்கலாம். செக்கின் ஆயுள் மூன்று மாதம். அதைத் தாண்டியும் பட்டியலில் நிற்கும் செக்கை ரத்து செய்து, பார்ட்டி கணக்கில் திருப்பி வரவு வைக்க வேண்டும்.

தேதிகள்

வேலைக்குப் போனால் மாதம் இந்த வரிசையில் ஓடும்: 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுவது, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14 ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின்படி நமக்குக் கிடைக்கும் கிரெடிட் பட்டியல்) வருவது, 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்). மார்ச் மாதம் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்படாத நிறுவனங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னைக் காலாண்டு முறையில் தாக்கல் செய்யலாம். ஆனால் வரியை மாதாமாதம்தான் கட்ட வேண்டும்.

ஒரு நாள் தாமதத்தின் விலை பலருக்குப் புரிவதில்லை. ஜூன் 15-இல் பிடித்த 6,000 ரூபாயை ஜூலை 8-இல் கட்டினால் வட்டி ஒரு நாளுக்கு அல்ல. பிடித்த நாளிலிருந்து, மாதமோ மாதத்தின் பகுதியோ ஒன்றுக்கு 1.5 சதவீதம். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று என இரண்டு மாதம், 180 ரூபாய்.

2பி ஒப்பிடுவதுதான் எக்செல் உண்மையில் தேவைப்படும் இடம். கொள்முதல் பதிவேட்டையும் 2பி பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிஎஸ்டி எண், பில் எண், வரிக்கு உட்பட்ட தொகை மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். பில் எண்ணில்தான் சிக்கல். நம் பதிவில் 23, சப்ளையர் ஏற்றியது 023/25-26. எக்ஸ்லுக்அப் இதை வேறு வேறு என்றே சொல்லும். எக்செல் முன்னால் இருக்கும் சுழியங்களைத் தின்றுவிடும் என்பதால் அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்டாக மாற்றுங்கள். டிரிம் போட்டு வெற்றிடங்களை நீக்குங்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதபடி சூத்திரம் எழுதுங்கள். 2பியில் வராத பில்லுக்குக் கிரெடிட் எடுக்கக் கூடாது. சப்ளையருக்குப் போன் போடுவதும் கணக்கர் வேலைதான். 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பில்லின் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும் என்பதால் பாக்கிப் பட்டியலையும் இதோடு பாருங்கள். சம்ஐஎஃப்எஸ், பிவட் டேபிள் இரண்டும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பாடமும் சட்டமும் விலகும் இடங்கள்

ஒரே மெஷினுக்கு இரண்டு தேய்மானம் என்பது மாணவர்களைக் குழப்பும். டிசம்பர் 1-இல் 10 லட்சத்துக்கு மெஷின் வாங்கியது ஒரு கம்பெனி. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஆயுள் 15 ஆண்டு, மிச்ச மதிப்பு 5 சதவீதம் என்று நேர்கோட்டு முறையில் போட்டால் ஆண்டுக்கு 63,333. நான்கு மாதத்துக்கு 21,111. வருமான வரியில் 15 சதவீத பிளாக் (ஒரே விகிதத்தில் தேய்மானம் போடும் சொத்துகளின் தொகுப்பு). 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் அதில் பாதி, 75,000. இரண்டுமே சரி. முதலாவது பங்குதாரருக்குக் காட்டும் கணக்கு, இரண்டாவது வரித்துறைக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் டிஃபர்டு டாக்ஸ் (தள்ளிப்போகும் வரி) பிறக்கிறது. இந்த ஒரு மெஷினை ஐந்து ஆண்டுக்கு இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால் அந்த அதிகாரம் முடிந்தது.

வருமான வரிப் புத்தகம் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருகிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர் போய் 'வரி ஆண்டு' வருகிறது. 194சி, 194ஜே என்று மனப்பாடம் செய்த டிடிஎஸ் பிரிவுகள் 393-க்குள் திரட்டப்பட்டுவிட்டன. உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பேராசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். சீனியர் கொடுத்த பழைய கைடு மற்ற தாள்களுக்கு உதவும், இதற்கு உதவாது. ஜிஎஸ்டியிலும் 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத விகிதங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு 5, 18, 40 என மாறியதால் பழைய கணக்குகளின் விகிதங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சி.ஏ., சி.எம்.ஏ., ஏசிசிஏ

2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி சி.ஏ. ஃபவுண்டேஷன் நான்கு தாள், இன்டர்மீடியட் ஆறு, ஃபைனல் ஆறு. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பலர் தோற்பது இந்த மொத்தத்தில்தான்: மூன்று தாளிலும் 45 எடுத்தால் எல்லாம் பாஸ், குரூப் ஃபெயில். ஒரு தாளில் 60 வந்துவிட்டால் அடுத்த மூன்று முயற்சிக்கு அதற்கு விலக்கு உண்டு. ஃபவுண்டேஷனின் கொள்குறித் தாள்களில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், குருட்டாம்போக்கில் நிரப்பாதீர்கள். பட்டம் முடித்த வணிகவியல் மாணவர் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டர்மீடியட் போகலாம். ஆனாலும் சி.ஏ. என்று முடிவாகியிருந்தால் முதல் ஆண்டிலேயே ஃபவுண்டேஷன் எழுதுவது நல்லது. தோற்றாலும் நேரம் கைவசம் இருக்கும், கல்லூரிக் கணக்கியலும் எளிதாகும்.

இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் முடிந்த பிறகுதான் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். மிகப் பெரிய நிறுவனத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டாக் ஆடிட்டை மட்டுமே மாதக்கணக்கில் பார்க்க நேரலாம். மிகச் சிறியதில் ரிட்டர்ன் தாக்கலோடு நின்றுவிடலாம். ஆடிட், வருமான வரி, ஜிஎஸ்டி, ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட் நான்கும் நடக்கும் நடுத்தர அலுவலகம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். அங்கே இப்போது ஆர்ட்டிகிளாக இருப்பவரிடம், தேர்வு விடுப்பு எவ்வளவு தருகிறார்கள் என்று கேளுங்கள்.

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்க விருப்பம் என்றால் சி.எம்.ஏ. (காஸ்ட் அண்டு மேனேஜ்மெண்ட் அக்கவுண்டன்சி) நேரடியாக உதவும். பட்டதாரிக்கு இன்டர்மீடியட் எட்டுத் தாள், ஃபைனல் எட்டுத் தாள். தேர்வு ஜூன், டிசம்பரில். ஏசிசிஏ (பிரிட்டனின் கணக்கியல் தகுதி) 13 தாள், பி.காம்.-க்குச் சிலவற்றில் விலக்கு உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகளின் சென்னை, பெங்களூர் மையங்களிலும் வளைகுடாவிலும் மதிப்பு. ஆனால் அதை வைத்து இந்தியக் கம்பெனியின் சட்டப்படியான ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. விளம்பரங்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடச் சொல்வதில்லை.

மூன்றும் வேண்டாம் என்றாலும் வழி அடைபடவில்லை. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஜாப் ஒர்க் (சரக்கை வெளியே அனுப்பி வேலை செய்து வாங்குவது) கணக்கு தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு: டையிங்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற விதி, எல்யுடி (உறுதிமொழிக் கடிதம்) போட்டு வரியில்லாமல் ஏற்றுமதி செய்வது, ரீஃபண்ட் கேட்பது. இவற்றைப் பாடத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் நடத்துவதில்லை.

நேர்காணலும் முதல் மாதமும்

பயோடேட்டாவில் "டேலி தெரியும்" என்பது எதையும் சொல்லாது. "மூன்று மாதக் கொள்முதலை 2பியோடு ஒப்பிட்டு 3பி ஒர்க்கிங் தயாரித்தேன்" என்று எழுதி, அந்த ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள். கேள்விகள் எளிமையாகவே இருக்கும், ஆனால் வளையும்: மார்ச் 31 தேதியிட்ட பில் ஏப்ரல் 10-இல் வந்தால் எந்த ஆண்டுச் செலவு? அட்வான்ஸ் வாங்கினால் ஜிஎஸ்டி உண்டா? முதலாவதற்கு மார்ச்சில் புரொவிஷன் (ஒதுக்கீடு). இரண்டாவதற்குச் சேவை என்றால் உண்டு, சரக்கு என்றால் இல்லை.

கம்பெனிகளில் 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் உள்ள மென்பொருள் கட்டாயம். பழைய எண்ட்ரியைச் சத்தமில்லாமல் திருத்தினால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்பது நிற்கும். தவறை ஜர்னல் போட்டுச் சரிசெய்து, காரணத்தையும் எழுதுங்கள். சரக்கு வராத பில்லை ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சம்பளத்துக்கு மேல் ஒரு பைசா வராத வேலைக்கு வழக்கில் பெயர் வர வேண்டாம்.

பொறுப்பு ஏற்கும் நாளில் வாங்க வேண்டியவை: அந்தத் தேதி வரையிலான ட்ரையல் பாலன்ஸ், நிலுவைப் பட்டியலோடு பேங்க் ரெக்கன்சிலியேஷன், கடைசியாகத் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள், எல்லாத் தளங்களின் லாகின், பதிவான மொபைல் எண் யாரிடம் இருக்கிறது என்ற விவரம். ஜிஎஸ்டி தளத்தில் நோட்டீஸ்கள் இரண்டு இடத்தில் வரும்: 'நோட்டீசஸ் அண்டு ஆர்டர்ஸ்' ஒன்று, 'அடிஷனல் நோட்டீசஸ் அண்டு ஆர்டர்ஸ்' இன்னொன்று. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்தவர்களுக்கு, இரண்டாவதில் கெடு முடிந்து ஆர்டரே வந்திருக்கும். முதல் நாளே இரண்டையும் திறந்து, இருப்பதைத் தேதியோடு எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.